ட்ரெட்மில் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க... ₹2,500-க்குள் வீட்டிலேயே உடற்பயிற்சியைத் தொடங்குவது எப்படி?

மாஸ்டர் செக்கப் ரிசல்ட் கைக்கு வந்த அன்று ராத்திரிதான் பல வீடுகளில் இந்தப் பேச்சு ஆரம்பிக்கும்.

"ஏங்க, டாக்டர் என்ன சொன்னாரு?"

"சுகர் பார்டர்ல இருக்காம். தினமும் எக்சர்சைஸ் பண்ணியே ஆகணும்னு சொல்லிட்டாரு."

"அப்போ அந்த ட்ரெட்மில்லை வாங்கிடலாமா? மாசம் 2,000 ரூபாதான் காட்டுது. 12 மாசம் கட்டினா போதும்."

பயம் ஒரு பக்கம், செல்போனில் வரும் ஆஃபர் இன்னொரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவே அவசரமாக எடுக்கும் முடிவுதான், ஆறு மாதம் கழித்து ஹாலில் துணி காயப்போடும் ஸ்டாண்டாக நிற்கிறது. மிஷின் நின்றுவிட்டாலும் இ.எம்.ஐ. நிற்காது. சுகரும் நிற்காது.

அப்படியானால் வீட்டில் உடற்பயிற்சி செய்ய உண்மையில் என்ன வாங்க வேண்டும்? எதை வாங்கவே கூடாது? குறைந்த பட்ஜெட்டில் எப்படித் தொடங்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

'பார்டர்' என்றால் சும்மா விடலாமா?

மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 5.7 முதல் 6.4 வரை வந்தால், அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. இதைத்தான் பேச்சு வழக்கில் 'பார்டர்' என்கிறோம். 6.5 அல்லது அதற்கு மேல் போனால் நீரிழிவு.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருக்கிறது. இன்னும் 13.6 கோடி பேர் இந்த 'பார்டர்' நிலையில் இருக்கிறார்கள்.

இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. பார்டரில் இருப்பவர்கள் எல்லோரும் நோயாளி ஆகியே தீர வேண்டும் என்பதில்லை. சாப்பாட்டில் கட்டுப்பாடு, உடல் எடையைக் குறைப்பது, உடற்பயிற்சி ஆகியவை நீரிழிவைத் தள்ளிப்போடவோ தடுக்கவோ உதவும். அதனால்தான் டாக்டர்கள் 'எக்சர்சைஸ் பண்ணுங்க' என்று அழுத்திச் சொல்கிறார்கள். ஆனால், என்ன மாதிரி எக்சர்சைஸ் என்பதைக் கேட்டுக்கொள்ளாமலேயே நாம் வெளியே வந்துவிடுகிறோம்.

உடம்புக்குத் தேவை இரண்டு கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது.

முதல் கணக்கு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை வேக நடை போன்ற மிதமான உடற்பயிற்சி. ஒரு நாளைக்கு 30 நிமிடம் என்று 5 நாள் நடந்தாலே 150 நிமிடம் வந்துவிடும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் சரியான வேகம்.

இரண்டாவது கணக்கு: வாரத்தில் குறைந்தது 2 நாள், உடம்பின் பெரிய தசைகளுக்கு எல்லாம் வேலை கொடுக்கும் பயிற்சி. அதாவது எடை தூக்குவது, தண்டால், பஸ்கி, பேண்ட் இழுப்பது போன்றவை. 65 வயதைத் தாண்டியவர்கள் என்றால், கீழே விழாமல் இருக்க, உடல் சமநிலைக்கான பயிற்சியையும் வாரத்தில் 3 நாள் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது.

நம்மில் பலர் மறந்துபோவது இந்த இரண்டாவது கணக்கைத்தான். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துச் செலவு செய்வதில் தசைகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. தசைக்கு வேலை இல்லை என்றால் அது மெல்ல மெல்லக் குறையும். வயது ஏற ஏற இன்னும் வேகமாகக் குறையும். தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாமல் போவதும், மாடிப்படி ஏறினால் தொடை வலிப்பதும் இதனால்கூட இருக்கலாம்.

இப்போது பட்ஜெட்டுக்கு வருவோம். முதல் கணக்கான நடை, தெருவில் இலவசமாகக் கிடைக்கிறது. ட்ரெட்மில் அதே நடையைத்தான் 20,000 ரூபாய்க்கு விற்கிறது. ஆனால், நடையால் முழுசாகக் கிடைக்காத அந்த இரண்டாவது கணக்கை 2,500 ரூபாய்க்குள் வீட்டிலேயே முடித்துவிடலாம்.

ஆகவே, காசு கம்மியாக இருந்தால் விதி ஒன்றுதான்: நடைக்குச் செலவு செய்யாதீங்க, பலத்துக்குச் செலவு செய்யுங்க.

முதல் 4 வாரம்... ஒரு ரூபாய்கூட செலவு வேண்டாம்

எதையும் வாங்குவதற்கு முன் உங்களுக்கு நீங்களே ஒரு டெஸ்ட் வைத்துக்கொள்ளலாம். வாரம் 3 நாள், நாளுக்கு 20 நிமிடம், மொத்தம் 4 வாரம். அதாவது 12 நாள். காலண்டரில் செய்த நாளை மட்டும் டிக் அடித்து வையுங்கள்.

வீட்டில் இருப்பதை வைத்தே இவற்றைச் செய்யலாம்.

- நாற்காலி பஸ்கி: சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்காருவது போல் மெதுவாக இறங்கி, கையை ஊன்றாமல் எழுவது.
- சுவர்த் தண்டால்: சுவரில் இரண்டு கையையும் வைத்துச் சாய்ந்து, தள்ளி எழுவது. தரையில் தண்டால் எடுக்க வராதவர்களுக்கு இதுதான் முதல் படி.
- தண்ணீர் பாட்டில்: 1 லிட்டர் தண்ணீர் என்பது 1 கிலோ. 2 லிட்டர் பாட்டில் இரண்டை நிரப்பினால், கைக்கு 2 கிலோ டம்பெல் ரெடி. அதிலேயே மணலை நிரப்பினால் எடை சுமார் ஒன்றரை மடங்கு ஆகிவிடும்.
- அரிசிப் பை: 5 கிலோ அரிசியைக் கட்டைப்பையில் போட்டு, ஒரு கையில் பிடித்துக்கொண்டு, உடம்பு சாயாமல் ஹாலில் நடப்பது. பிறகு கையை மாற்றிக்கொள்ளலாம்.
- மாடிப்படி: அடுக்குமாடி வீடு என்றால் லிஃப்ட்டை விட்டுவிட்டு ஏறினாலே பாதி வேலை முடிந்தது.

4 வாரம் முடிந்ததும் டிக்கை எண்ணுங்கள். 12-ல் 9 அல்லது அதற்கு மேல் என்றால், தாராளமாகப் பொருள் வாங்கலாம். 5, 6 தான் வந்திருக்கிறது என்றால், உங்களுக்கு இல்லாதது மிஷின் இல்லை, நேரம். எந்த நேரத்தில் செய்வது என்பதை மாற்றிப் பார்த்துவிட்டு, இன்னொரு மாதம் முயற்சி செய்வதே நல்லது. பல்லாயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும் டெஸ்ட் இது.

முதல் செலவு: மேட்

ஜமுக்காளம் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். உட்கார்ந்து செய்யும் பயிற்சிக்குப் போதும். ஆனால், டைல்ஸ் தரையில் தண்டால் எடுக்கும்போது ஜமுக்காளம் வழுக்கும். கை நழுவினால் மணிக்கட்டு போய்விடும். அதனால் முதலில் வாங்க வேண்டியது வழுக்காத மேட்.

நின்று செய்யும் பயிற்சி, யோகா என்றால் 4 முதல் 6 மி.மீ. தடிமன் சரி. முட்டி போடும்போது வலிக்கிறது, முதுகுத்தண்டு தரையில் உறுத்துகிறது என்பவர்கள் 8 மி.மீ. அல்லது 10 மி.மீ. எடுக்கலாம். அதற்கு மேல் தடிமனாக, பஞ்சு போல இருந்தால், நிற்கும்போது கால் தடுமாறும். பொதுவாக 400 ரூபாயிலிருந்து நல்ல மேட் கிடைக்கிறது. வாங்கும்போது ஓரத்தை மடக்கிப் பார்த்து, பிய்ந்து வருகிறதா என்று கவனியுங்கள்.

இரண்டாவது: ரெசிஸ்டன்ஸ் பேண்ட்

குறைந்த காசில் அதிகப் பயன் எது என்று கேட்டால், இந்த ரப்பர் பேண்டைத்தான் சொல்ல வேண்டும். எடை கிடையாது. டிராயரில் வைக்கலாம். ஊருக்குப் போனால் பையில் போட்டுக்கொள்ளலாம். கீழ் வீட்டுக்காரருக்குச் சத்தமும் போகாது. 300 முதல் 1,200 ரூபாய் வரை பல வகைகள் உண்டு.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். '5 பேண்ட் செட்' என்று மலிவாகக் கிடைக்கும் குட்டி வளையங்கள், தொடைக்கும் இடுப்புக்கும் மட்டுமே பயன்படும். முதுகு, தோள், கைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றால் நீளமான பேண்ட், அல்லது இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த டியூப் வேண்டும். ஒரே ஒரு பேண்ட்தான் வாங்க முடியும் என்றால் நீளமானதையே வாங்குங்கள்.

நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் சிவப்பு லேசாக இருக்கும், இன்னொரு கம்பெனியின் சிவப்பு இழுக்கவே முடியாது. எத்தனை கிலோ இழுவிசை என்று அட்டையில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

பாதுகாப்பும் முக்கியம். வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் வைத்தால் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். ஒவ்வொரு முறையும் இழுப்பதற்கு முன், கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். பாதத்தில் மாட்டி இழுக்கும்போது ஒரு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். நழுவினால் நேராக முகத்துக்குத்தான் வரும்.

மூன்றாவது: டம்பெல்ஸ்... இதில் இருக்கும் கணக்கு

ஆன்லைனில் '20 கிலோ ஹோம் ஜிம் செட்' என்று பார்த்ததும், கைக்கு 20 கிலோ என்று நினைத்துவிட வேண்டாம். பல செட்களில் எல்லாத் தட்டுகளையும் கூட்டினால்தான் 20 கிலோ. இரண்டு கைக்கும் பிரித்தால் ஆளுக்கு 10 கிலோ. கூடவே கிளவுஸ், ஹேண்ட் கிரிப், ஸ்கிப்பிங் கயிறு என்று 'ஃப்ரீ' பொருட்களை அடுக்கியிருப்பார்கள். அவற்றை மறந்துவிட்டு, தட்டின் எடையையும் கம்பியின் தரத்தையும் மட்டும் பாருங்கள்.

சந்தையில் முக்கியமாக மூன்று வகை உண்டு.

- பி.வி.சி. டம்பெல்: வெளியே பிளாஸ்டிக், உள்ளே சிமென்ட் கலவை. விலை குறைவு. ஆனால் அளவு பெரிது. கீழே போட்டால் ஓரம் உடைந்து தூள் கொட்டும். தொடக்கத்துக்கு ஓகே.
- ரப்பர் அல்லது வினைல் பூசிய இரும்பு: விலை கொஞ்சம் கூடுதல். வருஷக்கணக்கில் உழைக்கும். அறுகோண வடிவத்தில் இருந்தால் தரையில் உருளாது. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இதுதான் நல்லது.
- கம்பியும் கழற்றி மாட்டும் தட்டுகளும்: பட்ஜெட் குடும்பத்துக்கு இதுவே லாபம். இன்று 3 கிலோ, ஆறு மாதம் கழித்து 7 கிலோ என்று ஏற்றிக்கொள்ளலாம். கணவன், மனைவி, காலேஜ் பையன் மூன்று பேரும் ஒரே செட்டைப் பயன்படுத்தலாம். ஆனால், தட்டைப் பிடிக்கும் நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டே தூக்க வேண்டும்.

எத்தனை கிலோ வாங்குவது? 10 முதல் 12 தடவை தூக்க முடிய வேண்டும். கடைசி இரண்டு, மூன்று தடவை சிரமமாக இருக்க வேண்டும். அதுதான் உங்கள் எடை. புதிதாகத் தொடங்கும் பெண்களில் பலருக்கு 2 முதல் 3 கிலோவும், ஆண்களில் பலருக்கு 4 முதல் 5 கிலோவும் சரியாக இருக்கும். 20 தடவை தூக்கியும் ஒன்றும் ஆகவில்லை என்றால் எடையை ஏற்றும் நேரம் வந்துவிட்டது.

இன்னொரு சின்ன யோசனை. பார்சல் வந்ததும் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். எழுதியிருக்கும் எடை இல்லை என்றால் திருப்பி அனுப்பலாம்.

ஸ்கிப்பிங் கயிறு எல்லோருக்கும் சரிவருமா?

100, 150 ரூபாய்க்கே கிடைக்கும். பத்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும். ஆனாலும் எல்லோருக்கும் ஏற்றதல்ல. உடல் எடை அதிகம் உள்ளவர்கள், முட்டி வலி, கணுக்கால் வலி உள்ளவர்கள் முதலிலேயே இதில் இறங்க வேண்டாம். மாடியில் குடியிருப்பவர்கள் மொட்டை மாடிக்குப் போய்விடுவது, கீழ் வீட்டாரோடு சண்டை வராமல் காக்கும்.

கயிற்றின் நடுவில் மிதித்து நின்று மேலே இழுத்தால், கைப்பிடி உங்கள் அக்குள் அளவுக்கு வர வேண்டும். அதுவே சரியான நீளம்.

எவ்வளவு ஆகும்? பட்ஜெட் கணக்கு இதோ

விலைகள் ஊருக்கு ஊர், பிராண்டுக்கு பிராண்ட் மாறும். தோராயமாக இப்படித் திட்டமிடலாம்.

- ₹500 கையில் இருந்தால்: வழுக்காத மேட் மட்டும். எடைக்குத் தண்ணீர் பாட்டில்.
- ₹1,200 இருந்தால்: மேட், நீளமான ரெசிஸ்டன்ஸ் பேண்ட்.
- ₹2,500 இருந்தால்: மேட், பேண்ட், கழற்றி மாட்டும் டம்பெல் செட்.

மொத்தத்தையும் ஒரே நாளில் வாங்க வேண்டும் என்றில்லை. ஒவ்வொரு மாதமும் 9 டிக் வந்தால் அடுத்த பொருள் என்று வைத்துக்கொண்டால், பழக்கமும் பிடிபடும், பர்ஸும் தாங்கும்.

இரும்புப் பொருளை மட்டும் நேரில் பார்த்து வாங்குவது நல்லது. சென்னையில் பெரியமேடு பகுதியில் விளையாட்டுப் பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மற்ற ஊர்களிலும் ஸ்போர்ட்ஸ் கடைகளில் கிலோ கணக்கில் தட்டுகள் கிடைக்கும். கையில் பிடித்துப் பார்க்கலாம், விலையும் பேசலாம்.

அப்போ ட்ரெட்மில் வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்ல முடியாது. தெருவில் நடக்க முடியாத நிலைமை பலருக்கு இருக்கிறது. விடியற்காலை இருட்டில் நாய்த் தொல்லை, நடைபாதையே இல்லாத மெயின் ரோடு, நைட் ஷிஃப்ட் வேலை, வீட்டில் கைக்குழந்தையை விட்டு வெளியே போக முடியாத அம்மாக்கள், தனியாக நடக்கப் பாதுகாப்பு இல்லாத ஏரியா. இப்படிப்பட்டவர்களுக்கு ட்ரெட்மில் ஆடம்பரம் இல்லை. 2024-ல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்களின் கணிப்பின்படி, இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் ஆண்களில் சுமார் 42 சதவீதம், பெண்களில் சுமார் 57 சதவீதம். வெளியே போய் நடக்க யாருக்கு எவ்வளவு வழி இருக்கிறது என்பதையும் சேர்த்தே இந்த இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன், பக்கத்தில் வேறு வழி இருக்கிறதா என்று பாருங்கள். மாநகராட்சி, நகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் இருக்கின்றன. தமிழக அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில், 2023 நவம்பர் முதல் மாவட்டம்தோறும் 8 கி.மீ. நடைபயிற்சிப் பாதை ஏற்படுத்தப்பட்டிருக்கிறது.

அப்படியும் ட்ரெட்மில்தான் வேண்டும் என்றால், இந்த 6 விஷயங்களைப் பாருங்கள்.

1. மோட்டார்: '4 ஹெச்.பி.' என்று பெரிதாக எழுதியிருந்தால், அது 'பீக்' திறனா, 'கன்டினியூஸ்' திறனா என்று கேளுங்கள். பீக் என்பது சில நொடி மட்டும் எட்டும் உச்சம். தொடர்ந்து ஓடும் திறன் அதில் பாதியாகக்கூட இருக்கலாம். ஒப்பிட வேண்டியது கன்டினியூஸ் எண்ணை மட்டுமே.
2. எடை வரம்பு: வீட்டிலேயே அதிக எடை உள்ளவரைக் காட்டிலும் 15 முதல் 20 கிலோ கூடுதலாகத் தாங்குவதாக இருக்க வேண்டும்.
3. பெல்ட்டின் நீளம், அகலம்: நடக்க மட்டும் என்றால் சுமார் 120 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம் போதும். உயரமானவர்களும் ஓட விரும்புபவர்களும் இன்னும் நீளமாகப் பார்க்க வேண்டும்.
4. பிளக் பாயிண்ட்: பல மாடல்களுக்கு ஏ.சி., கீசருக்குப் போடும் 16 ஆம்பியர் பெரிய பிளக் தேவை. வாடகை வீட்டில் அது எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.
5. சர்வீஸ்: உங்கள் மாவட்டத்தில் சர்வீஸ் ஆள் இருக்கிறாரா? மோட்டாருக்கு எத்தனை வருஷம், மற்ற பாகங்களுக்கு எத்தனை வருஷம் வாரண்டி? ஆள் கூலி யார் பொறுப்பு?
6. பாதுகாப்புச் சாவி: சட்டையில் கிளிப் மாட்டும் சிவப்புச் சாவி கட்டாயம் இருக்க வேண்டும். தடுமாறினால் மிஷினை நிறுத்துவது அதுதான். குழந்தைகள் உள்ள வீட்டில், உபயோகித்து முடித்ததும் சாவியைக் கழற்றி உயரத்தில் வையுங்கள். ஓடும் பெல்ட்டில் பிஞ்சு விரல்கள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து நிஜமானது.

'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்றாலும், பிராசஸிங் கட்டணம், அதன் மீது ஜி.எஸ்.டி. என்று சேரலாம். மொத்தப் பணம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி இதில் கிடைக்காமலும் போகலாம். கடைசியில் கட்டப்போகும் மொத்தத் தொகையை எழுதிப் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள்.

சைக்கிள் எப்படி?

முட்டி வலி இருப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ட்ரெட்மில்லைவிட எக்சர்சைஸ் சைக்கிள் பெரும்பாலும் வசதி. உடம்பின் எடை சீட்டில் இறங்கிவிடுவதால் முட்டிக்குப் பாரம் குறையும். கையால் இறுக்கம் மாற்றும் காந்த வகை சைக்கிளுக்குக் கரண்ட் தேவையில்லை, சத்தமும் குறைவு. விலையும் ட்ரெட்மில்லைவிடக் குறைவாகவே தொடங்கும். சீட்டில் உட்கார்ந்து பெடல் கீழே போகும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். அந்த உயரத்துக்கு சீட் ஏறுகிறதா என்று உட்கார்ந்து பார்த்து வாங்குவது நல்லது.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

ட்ரெட்மில், சைக்கிள் இரண்டுக்கும் இது நல்ல வழி. பலர் நாலைந்து மாதம் மட்டும் உபயோகித்துவிட்டுப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். வாங்கப் போகும்போது, நீங்களே ஏறி 10 நிமிடம் நடந்து பாருங்கள். கருகல் வாடை வருகிறதா, பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்குகிறதா, கால் வைத்ததும் வழுக்கி நிற்கிறதா என்று கவனியுங்கள். மாடல் எண்ணைச் சொல்லி உதிரி பாகம் கிடைக்குமா என்று சர்வீஸ் சென்டரில் விசாரியுங்கள். வண்டி வாடகை, மாடி ஏற்றும் கூலி இரண்டையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் வாங்காதீங்க

- வியர்வை பெல்ட், அதிரும் பெல்ட்: வியர்த்துக் குறைவது உடம்பில் இருக்கும் தண்ணீர். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் அந்த எடை திரும்பிவிடும். மிஷின் ஆட்டிவிட்டால் உங்கள் தசை உழைத்ததாக ஆகாது.
- 'தொப்பையை மட்டும் குறைக்கும்' கருவி: உடம்பில் எந்த இடத்துக் கொழுப்பு முதலில் கரைய வேண்டும் என்பதை நம்மால் முடிவு செய்ய முடியாது.
- ஸ்பிரிங் வைத்து இழுக்கும் மலிவான தொப்பைக் கருவி: ஸ்பிரிங் தெறித்தால் வயிற்றிலோ முகத்திலோ அடிக்கும்.
- கதவு நிலையில் மாட்டும் புல்-அப் கம்பி: கருவி மோசமில்லை. ஆனால், பழைய மர நிலை, செல்லரித்த நிலை என்றால் கம்பியோடு ஆளும் கீழே வருவார்.
- வயிற்றுப் பயிற்சிக்கான சக்கரம்: பார்க்க எளிது, செய்யக் கடினம். புதியவர்களுக்கும் இடுப்பு வலி உள்ளவர்களுக்கும் இப்போதைக்கு வேண்டாம்.

பொருள் சரியில்லை என்றால்?

ஆன்லைனில் வாங்கினால் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். 2020-ம் ஆண்டின் இ-காமர்ஸ் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பவர் யார், திருப்பி அனுப்பும் வசதி என்ன, வாரண்டி என்ன என்ற விவரங்களைத் தளம் காட்டியாக வேண்டும். பில்லை பத்திரப்படுத்துங்கள். கம்பெனி பதில் சொல்லவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்யலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

யார் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது?

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், சமீபத்தில் ஆபரேஷன், கர்ப்பம், தீராத மூட்டு வலி இருப்பவர்கள் முதலில் டாக்டரிடம் பேச வேண்டும். சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களும் கட்டாயம் கேட்க வேண்டும். சில மருந்துகளோடு உடற்பயிற்சியும் சேரும்போது சர்க்கரை திடீரென இறங்கி நடுக்கம், மயக்கம் வரலாம்.

ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு தெரியாதவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர்களிடமும் கேட்கலாம். பயிற்சியின்போது நெஞ்சு வலி, நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாங்கியாச்சு... எப்படிச் செய்வது?

திங்கள், புதன், வெள்ளி: பலத்துக்கு 20 முதல் 25 நிமிடம். முதல் 3 நிமிடம் நின்ற இடத்தில் நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, கீழே உள்ள 5 பயிற்சிகளையும் செய்யலாம். எண்ணிக்கை சொல்லாத பயிற்சிகளைத் தலா 10 முதல் 12 தடவை செய்யுங்கள். மொத்தம் 2 சுற்று.

- பஸ்கி. பழகிய பிறகு கையில் டம்பெல் பிடித்துக்கொண்டு.
- தண்டால். சுவரில் ஆரம்பித்து, மேசை, பிறகு தரை.
- காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தில் பேண்டை மாட்டி, இடுப்பை நோக்கி இழுப்பது.
- டம்பெல்லைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தூக்குவது.
- ஒரு கையில் எடையைப் பிடித்து, நிமிர்ந்து, கைக்கு ஒரு நிமிடம் நடப்பது.

வாரத்தில் ஏதாவது 5 நாள்: 30 நிமிடம் வேக நடை. ஒரே மூச்சில் முடியாதவர்கள் காலை 15, ராத்திரி சாப்பிட்ட பிறகு 15 என்று பிரித்துக்கொள்ளலாம். மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்காதீங்க. தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். முதல் வாரம் தசை வலிப்பது சகஜம். மூட்டுக்குள் குத்துவது போல் வலித்தால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஹெச்பிஏ1சி எடுத்துப் பாருங்கள். இது கடந்த மூன்று மாத சராசரியைக் காட்டும் பரிசோதனை என்பதால், நீங்கள் காலண்டரில் போட்ட டிக் அத்தனைக்கும் அந்த ரிப்போர்ட்டில் கணக்கு இருக்கும்.

ஆக, செக்கப் ரிசல்ட் வந்த அந்த ராத்திரி செல்போனில் 'பை நவ்' பட்டனை அழுத்தும் முன், சமையலறையில் இருக்கும் இரண்டு தண்ணீர் பாட்டிலை நிரப்பி எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வாருங்கள். காலண்டரில் முதல் டிக் விழட்டும். 12-ல் 9 வந்த பிறகும் அந்த ட்ரெட்மில் கடையில்தான் இருக்கும். அப்போது அது தேவைப்படுகிறதா என்று வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.